கருவிலே தொடங்கும் கணக்கு



இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்று கீழக்குயில்குடியிலிருந்து வந்தது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில், தாமரைக் குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோவிலுமாக இருக்கும் ஊர். எழுதியவருக்கு வயது 24. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. கடிதம் இதுதான்:

"அக்கா, நான் மதுரை டவுனிலே பிறந்து வளர்ந்து, போன வருஷம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இது எனக்கு ஆறாவது மாதம். போன வாரம் ஆஸ்பத்திரியிலே குளுகோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 152 என்று வந்தது. 'சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, சாப்பாட்டிலே கவனமாக இரு' என்று நர்ஸம்மா சொன்னார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளை உண்டாகும்போது நான் 43 கிலோ. காற்றடித்தால் பறந்துவிடுவாய் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். சர்க்கரை வியாதி குண்டானவர்களுக்கல்லவா வரும்? எங்கள் அம்மாவுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. இங்கே அத்தைக்குத்தான் இருக்கிறது. நான் என்ன தப்புச் செய்தேன்? அம்மா வந்தால், 'இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடுடி' என்கிறாள். அத்தையோ, 'அளவாத் தின்னு தாயி, பிள்ளை பெருத்துப் போச்சுன்னா வயித்தைக் கீறிப்புடுவாக' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? என் பிள்ளைக்கும் இது வந்துவிடுமா?"

கடிதத்தின் அடியில், பின்னால் நினைத்துக்கொண்டு சேர்த்ததுபோல் ஒரு வரி இருந்தது: "நான் பிறக்கும்போது இரண்டு கிலோதான் இருந்தேனாம். இதைச் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை."

சொன்னது நல்லதாயிற்று! கடிதம் முழுவதிலும் முக்கியமான வரி அதுதான். அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து விடுகிறேன். மாமியாருக்கு இருக்கும் சர்க்கரை மருமகளுக்கு ரத்த வழியில் வராது. ஒரே அடுப்பங்கரை வழியாக வேண்டுமானால் வரலாம்! அவர் செய்த தப்பு என்றும் ஒன்றும் கிடையாது.

இரண்டு பேருக்கா, அரை வயிற்றுக்கா?

கர்ப்ப காலத்தில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குழந்தைக்கு உணவு குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, நஞ்சுக்கொடி சில சுரப்புகளை உண்டாக்கித் தாயின் இன்சுலினை மந்தப்படுத்துகிறது. இன்சுலின்தான் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பும் சாவி. சாவி சற்று மழுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக நிற்கும், குழந்தைக்குக் கிடைக்கும். இது இயற்கையின் ஏற்பாடு. தாயின் கணையம் அதை ஈடுகட்டக் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். சுரந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஈடுகட்ட முடியாத கணையமாக இருந்தால் சர்க்கரை வரம்பு மீறுகிறது. அதுதான் கர்ப்ப கால நீரிழிவு.

இப்போது அம்மாவின் யோசனையைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து என்று சொல்லி இரண்டு பங்கு சோறும், போகும்போதும் வரும்போதும் ஒரு லட்டும் சாப்பிட்டால், தாயின் ரத்தத்தில் மிகும் சர்க்கரை அப்படியே குழந்தைக்கும் போகிறது. குழந்தை அதைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதன் சின்னஞ்சிறு கணையம் பிறப்பதற்கு முன்னாலேயே ஓவர்டைம் வேலை செய்கிறது. அத்தை பயப்படுகிற பெரிய குழந்தை இப்படித்தான் உண்டாகிறது.

சரி, அத்தையின் யோசனைப்படி அரை வயிற்றுக்குச் சாப்பிட்டால்? பிரசவம் சுலபமாகும் என்று நம் ஊர்ப் பக்கத்துப் பெரியவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருவதுதான். ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் அதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது தாய் அல்ல, குழந்தை. அதுவும் உடனே அல்ல. நாற்பது, ஐம்பது வயதில்.

சிக்கனக் குடித்தனம்

வரும்படி குறைந்த வீட்டில் என்ன செய்வோம்? முதலில் வாடகையைக் கட்டுவோம், அரிசி வாங்குவோம்; பட்டுப்புடவையைத் தள்ளிப் போடுவோம். கருவில் இருக்கும் குழந்தையும் அதையேதான் செய்கிறது. வருகிற ஊட்டம் போதவில்லை என்றால், முதல் பங்கை மூளைக்குக் கொடுக்கிறது. தசை, கணையம், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போக வேண்டிய பங்கைக் குறைக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் எத்தனை என்பது பிறப்பதற்கு முன்பே தீர்மானமாகி விடுகிறது. பிறந்த பிறகு புதிதாக முளைப்பதில்லை. இப்படிச் சிக்கனமாகக் கட்டிய உடம்பு சிக்கனமான உலகத்தில் பிழைத்துக் கொள்ளும். அதே உடம்பைப் பிற்பாடு தினமும் விருந்துக்கு உட்கார வைத்தால்தான் தடுமாறுகிறது.

இது யாரோ கற்பனையில் சொன்னதல்ல. இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்டுஷயர் என்று ஒரு ஜில்லா. 1911-ஆம் வருஷம் அங்கே எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்ற பெண்மணி மருத்துவச்சிகளுக்குத் தலைமை அதிகாரியாக வந்தார். ஜில்லாவில் பிறக்கும் குழந்தைகளையெல்லாம் நிறுத்து எடை எழுதி வைக்க ஏற்பாடு செய்தார். குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் தாதிகள் வீடு தேடிப் போய் மறுபடியும் நிறுத்தார்கள். பெரிய பெரிய பேரேடுகளில் அந்தக் கணக்கு ஏறியது. பிறகு அவை எங்கேயோ அலமாரிகளில் தூங்கின.

1980-களில் டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் அந்தப் பேரேடுகளைத் தேடிப் பிடித்தார். அதில் இருந்த குழந்தைகள் அதற்குள் கிழவர்களாகியிருந்தார்கள். பலர் இறந்தும் போயிருந்தார்கள். எடை குறைவாகப் பிறந்தவர்கள், ஒரு வயதில் எடை குறைவாக இருந்தவர்கள் ஆகியோரிடையே மாரடைப்பு மரணம் அதிகம் என்று 1989-இல் அவரும் அவருடைய தோழர்களும் வெளியிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஆண்களைக் கூப்பிட்டுச் சோதித்தபோது, நீரிழிவும் அப்படியே இருந்தது 1991-இல் தெரிய வந்தது. மருத்துவச்சியின் தராசு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வரப்போகிற வியாதியைக் காட்டிக் கொடுத்துவிட்டது!

தாது வருஷத்தில் யாரும் நிறுக்கவில்லை

நம் பக்கத்தில் இப்படி ஒரு பேரேடு இருந்திருந்தால்? மதுரை ஜில்லாக்காரர்கள் தாது வருஷப் பஞ்சத்தை இன்னும் பேச்சில் வைத்திருக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே வாட்டிய பஞ்சம் அது. லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற பெண்மணி தம் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றியதாகச் சொல்லுவார்கள். நிவாரண வேலை செய்த ஆணுக்கு, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று 1877-இல் சர்க்கார் கூலி நிர்ணயித்தது. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். உடலுழைப்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடினார்.

அந்த வருஷங்களில் கருவுற்றிருந்த பெண்கள் என்ன சாப்பிட்டார்கள், பிழைத்த குழந்தைகள் எத்தனை எடை இருந்தார்கள், பிற்காலத்தில் அவர்கள் உடம்பு எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்த தேசம் ஹாலந்து. இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில், 1944 நவம்பரிலிருந்து 1945 மே மாதம் விடுதலை கிடைக்கும் வரை, ஜெர்மானியர் பிடியிலிருந்த மேற்கு ஹாலந்தில் கடும் பஞ்சம். ஆம்ஸ்டர்டாமில் ஆளுக்குக் கிடைத்த ரேஷன் ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரி வரை சுருங்கியது. பஞ்சத்துக்கு முன்பும் பின்பும் அவர்கள் நன்றாகச் சாப்பிட்டவர்கள். ஆகவே கர்ப்பத்தின் எந்த மாதத்தில் எந்தத் தாய் பட்டினி கிடந்தாள் என்று ஆஸ்பத்திரி ஏடுகளை வைத்துப் பிரித்துப் பார்க்க முடிந்தது. அந்தக் குழந்தைகளுக்கு ஐம்பது வயதானபோது சோதித்தார்கள். கருவில் பஞ்சத்தைக் கண்டவர்களுக்கு, காணாதவர்களைவிட ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் மட்டும் பட்டினி கண்ட குழந்தைகள், பிறகு தாய்க்கு உணவு கிடைத்ததால், நல்ல எடையுடனேயே பிறந்தார்கள். ஆனால் பிற்காலத்தில் இருதய நோய் அவர்களிடம் அதிகமாக இருந்தது. குழந்தை கொழுகொழுவென்று பிறந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று சொல்லிவிட முடியாது. முதல் மூன்று மாதம், அதாவது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே சரியாகத் தெரியாத அந்த நாட்களும் கணக்கில் உண்டு.

ஒல்லி உடம்பில் ஒளிந்திருக்கும் கொழுப்பு

"ஹாலந்துக்காரியும் இங்கிலீஷ்காரியும் கிடக்கட்டும், நம் கதை என்ன?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வருகிறேன்.

புனா நகரத்து கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் யாஜ்னிக் என்பவர், 1993 முதல் அந்நகரத்துக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளையும் அவர்கள் பெற்ற குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்தார். அந்தப் பெண்கள் கர்ப்பத்துக்கு முன் சராசரியாக 42 கிலோ. நம் கீழக்குயில்குடிச் சகோதரியைப் போலத்தான்! அவர்களுடைய குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகள் 3.5 கிலோ. ஆக, நம் குழந்தைகள் ஒல்லி. ஆனால் எதில் ஒல்லி என்று அளந்து பார்த்தபோதுதான் ஆச்சரியம் காத்திருந்தது. தசை வெகுவாகக் குறைந்திருந்தது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்போ அவ்வளவாகக் குறையவே இல்லை. பார்த்தால் மெலிசு, உள்ளே கொழுப்பு! சர்க்கரையைச் செலவழிக்கும் இடம் தசை. செலவழிக்கும் இடம் குறைந்து, சேர்த்து வைக்கும் இடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும்?

இதே டாக்டர் 2004-இல் ஒரு வேடிக்கையான படத்தையும் வெளியிட்டார். அவரும் ஜான் யூட்கின் என்ற வெள்ளைக்கார டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை என்று பார்த்தால் இருவருக்கும் ஒரே அளவு, 22.3. எவரும் இருவரையும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் உடம்பில் இருக்கும் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவருக்கு 21.2 பங்கு!

ஆகவே, "நான் ஒல்லி, எனக்கு எப்படி வந்தது?" என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒருத்திக்கு இதனால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. குலவழியும் உண்டு, வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இரண்டு கிலோவாகப் பிறந்த பெண், தசை குறைந்த உடம்போடும் சிக்கனக் கணையத்தோடும் வளர்ந்து, கர்ப்பம் என்ற பெரிய பரீட்சைக்கு உட்காரும்போது தடுமாறுவது அதிசயமில்லை.

மைசூரிலிருந்து மறுபக்கத்துக் கதையும் கிடைத்தது. அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரியில் 1934 முதல் குழந்தைகளின் எடையும் நீளமும் குறித்து வைத்திருந்தார்கள். அவர்கள் பெரியவர்களானதும் சோதித்துப் பார்த்தால், நீரிழிவு அதிகம் இருந்தது குட்டையாகவும் பருமனாகவும் பிறந்தவர்களிடம். அவர்களுடைய தாய்மாரும் எடை கூடியவர்கள். அந்தத் தாய்மாருக்குக் கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை இருந்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு. அம்மாவும் அத்தையும் சொன்ன இரண்டு வழிகளும் ஒரே குழியில்தான் கொண்டு போய் விடுகின்றன.

பிறகு வரும் பந்தி

கருவில் எழுதியதோடு முடிந்ததா? முடியவில்லை. டில்லியில் 1969-க்கும் 1972-க்கும் இடையே பிறந்த குழந்தைகளை, அவர்களுக்கு முப்பது வயது ஆகும் வரையில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் யார் தெரியுமா? இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதற்குப் பிறகு பன்னிரண்டு வயது வரை மளமளவென்று சதை போட்டவர்கள். அந்தப் பன்னிரண்டாவது வயதிலும் அவர்களில் ஒருவர்கூடக் குண்டு இல்லை. தன் பழைய அளவிலிருந்து வேகமாக மேலே ஏறியதுதான் வினை.

இதை நினைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் மதுரைத் தெருவில் நடந்து பாருங்கள். திரும்பின இடமெல்லாம் பரோட்டாக் கல்லின் தாளம். ஜிகர்தண்டாக் கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் கையில் பாட்டில் பானம். தாத்தா கேப்பைக் களியும் கம்பங்கூழும் குடித்துவிட்டு வெயிலில் வேலை செய்தார். பேரன் அதே சிக்கன உடம்போடு மைதாவையும் சீனியையும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு 2023-இல் வெளியானது: தேசத்தில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடிக்கு மேல், தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் 14 பேர்.

பயமுறுத்தியது போதும். நல்ல சேதி ஒன்று சொல்கிறேன். யுத்த காலத்தில் இங்கிலாந்தில் சர்க்கரைக்குக் கூப்பன் வைத்திருந்தார்கள். 1953 செப்டம்பரில் கூப்பனை எடுத்துவிட்டார்கள். உடனே ஜனங்கள் சாப்பிடும் சர்க்கரை ஏறக்குறைய இரு மடங்கானது. கூப்பன் காலத்தில் கருவில் இருந்து பிறந்தவர்களையும், கூப்பன் போன பிறகு உண்டானவர்களையும் ஒப்பிட்டு, 2024-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் சர்க்கரை குறைவாகக் கண்டவர்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 35 பங்கு குறைவு. ரத்தக் கொதிப்பு 20 பங்கு குறைவு. வந்தவர்களுக்கும் நீரிழிவு நாலு வருஷம் தாமதித்தே வந்தது. அவர்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. கூப்பனில் கிடைத்த சர்க்கரையே இன்றைய டாக்டர்கள் போதும் என்று சொல்லும் அளவை ஒட்டித்தான் இருந்தது.

அடுப்பங்கரையில் என்ன செய்யலாம்?

கீழக்குயில்குடிச் சகோதரிக்கு இனி நேராகவே சொல்கிறேன், மற்றவர்களும் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில், உங்களைச் சோதித்ததே பெரிய உபகாரம். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுகோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, 140-ஐ எட்டினால் எச்சரிக்கை என்று வைத்திருக்கும் இந்த முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வர வேண்டியதில்லை என்பது கர்ப்பிணிக்கு எவ்வளவு ஆறுதல்! அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐ, கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகவே நம் தேசத்தில் கொண்டாடுகிறார்கள்.

இரண்டாவது, பட்டினி கூடாது, விருந்தும் கூடாது. எவ்வளவு என்பதைவிட என்ன என்பதே முக்கியம். புனா கிராமங்களில், குழந்தையின் வளர்ச்சியோடு ஒட்டி வந்தது தாய் சாப்பிட்ட கலோரிக் கணக்கு அல்ல; கீரையும் பாலும் பழமும்தான். பம்பாயின் ஏழைக் குடியிருப்புகளில் 2006-இல் ஒரு பரீட்சை தொடங்கினார்கள். கீரை, பால், பழம் சேர்த்துச் செய்த ஒரு பலகாரத்தை, கர்ப்பம் ஆவதற்கு முன்பிருந்தே தினம் ஒன்று பெண்களுக்குக் கொடுத்தார்கள். மொத்தக் கணக்கில் குழந்தைகளின் எடை கூடிவிடவில்லை. ஆனால் கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்னதாகவே சாப்பிடத் தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தார்கள். அதைவிட முக்கியம், சாதாரணப் பலகாரம் சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்கு 12 பேருக்குக் கர்ப்ப கால நீரிழிவு வந்தது. கீரைப் பலகாரம் சாப்பிட்டவர்களில் 7 பேருக்குத்தான் வந்தது.

இதற்கு மதுரைக்கோ சென்னைக்கோ ஓட வேண்டியதில்லை. முருங்கைக்கீரை கொல்லையில் இருக்கிறது. காலையில் ஆறு இட்லி சாப்பிடுகிறவர் மூன்று இட்லியோடு நிறுத்தி, நிறையப் பருப்புப் போட்ட சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்த்துக் கொள்ளட்டும். மத்தியானம் சோற்றைக் குறைத்து, கீரை மசியலையும் காய்கறிக் கூட்டையும் பெருக்குங்கள். தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறுச் சுண்டல், அவித்த நிலக்கடலை இவையெல்லாம் சாயங்காலத்துக்கு வடை, பிஸ்கட்டைவிட மேல். மீன் சாப்பிடுகிறவர்கள் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளாமல் மீனையும் சாப்பிடுங்கள்! ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல், மூன்று வேளைச் சாப்பாடும் இடையிடையே சிறு பலகாரமுமாகப் பிரித்துக் கொள்ளுங்கள். பழச்சாறு வேண்டாம், பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள். கருப்பட்டியும் தேனும் சர்க்கரைதான்; பெயரை மாற்றினால் குணம் மாறாது.

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் போலிக் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதோடு பால், தயிர், முட்டை, மீன் இவற்றில் உங்களுக்கு எது ஒத்துவருமோ அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பி-12 என்ற சத்துக் குறைந்து போலிக் சத்து மட்டும் மிகுந்திருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு, ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று புனாவில் கண்டார்கள். சுத்த சைவக்காரர்கள் இதை டாக்டரிடம் அவசியம் கேட்க வேண்டும்.

சாப்பிட்ட பிறகு, டாக்டர் தடை சொல்லாவிட்டால், தாமரைக் குளம் வரையில் மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அவருக்கும் அது மருந்து. இரண்டு வாரம் இப்படி இருந்தும் சர்க்கரை இறங்காவிட்டால், டாக்டர் மாத்திரையோ இன்சுலினோ கொடுப்பார். இன்சுலின் என்றதும் அழ வேண்டாம். கணையத்துக்குக் கைத்துணை என்று நினைத்துக் கொள்ளுங்கள். பிரசவமான ஆறு வாரத்தில் மறுபடியும் சோதிப்பது கட்டாயம். சர்க்கரை போய்விட்டது என்று மறந்துவிடும் பெண்களே அதிகம். பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்குப் பல மடங்கு. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுங்கள். அது இருவருக்கும் காப்பு. குழந்தை சின்னதாகப் பிறந்தால், அவசர அவசரமாகச் சீனியும் டப்பா மாவும் போட்டுக் கொழுக்க வைக்காதீர்கள்.

"என் பிள்ளைக்கும் வந்துவிடுமா?" என்று கேட்டீர்கள். சமணர் மலைப் பாறையில் வெட்டிய எழுத்து ஆயிரம் வருஷம் கழித்தும் நிற்கிறது. கருவில் எழுதும் எழுத்து அப்படிப்பட்டதல்ல. சிலேட்டு எழுத்தும் அல்ல, துடைத்தால் போய்விட. கணக்கில் ஆரம்பக் கையிருப்பு என்று ஒன்று உண்டல்லவா? அதைப் போன்றது. குறைந்த கையிருப்போடு தொடங்கியவர், வரவையும் செலவையும் பார்த்து நடந்தால் கடன் இல்லாமல் வாழலாம்.

பேத்திக்கும் சேர்த்து

கடைசியாக ஒரு விஷயம். பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே, அதன் வாழ்நாளுக்கு வேண்டிய கருமுட்டைகளெல்லாம் அதன் உடம்பில் உருவாகிவிடுகின்றன. அதாவது, ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போது அவள் சாப்பிடும் சோறு மகளுக்கு மட்டுமல்ல. மகள் வயிற்றில் பின்னால் பிறக்கப்போகும் பேத்திக்கும் சேர்த்துத்தான்!

அப்படியானால், கர்ப்பமானதும் ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்து ஐந்து வகைச் சாதம் போடுவது மட்டும் போதுமா? இரண்டு கிலோவாக ஒரு பெண் பிறந்தாள் என்றால், அவளுடைய தாய் என்ன சாப்பிட்டாள்? அந்தத் தாய் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் தட்டில் என்ன விழுந்தது? நம் வீடுகளில் பந்தி வரிசை நமக்குத் தெரியாதா! முதலில் ஆண்கள், பிறகு பையன்கள், பிறகு பெண்கள், எல்லோருக்கும் கடைசியில் மருமகள். பால் தம்பிக்கு, முட்டை அண்ணனுக்கு. அவளுக்கு ரசமும் அடிச்சோறும். பள்ளிக்கூடத்தில் 1982 முதல் சத்துணவு போடுகிறார்கள். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டித் திட்டம் நம் மதுரையில்தான் தொடங்கியது. சர்க்கார் போடுவது நல்லதுதான். ஆனால் ராத்திரிச் சாப்பாடு நம் கையில் அல்லவா இருக்கிறது?

நாளை வரப்போகும் மருமகளைப் பற்றி இன்றைக்கே கவலைப்படுகிற தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். அவள் இப்போது எங்கேயோ ஒரு வீட்டில் எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக் கொண்டிருக்கிறாள். அவள் தட்டில் முட்டை வைக்க உங்களால் முடியாது. ஆனால் இன்னொரு வீட்டுக்கு மருமகளாகப் போகவிருக்கும் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாள் அல்லவா? இன்று ராத்திரி அவளையும் தம்பியோடு முதல் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள்.